பெரிய பெட்டியோடு வா

ஸ்ரீரங்கம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டி கனிஷ்காவும் அந்த வின்னிபெக் பனியில் சளி, காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அந்த வரியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், கடைசிவரை படித்தால் ஏனென்று தெரியும். தினமும் காலையில் போனில் முகம் பார்க்கிற பெண்ணுக்கு இந்த மனுஷன் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் உன் அம்மா கையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கனிஷ்காவிடம் கொஞ்ச வேண்டியதெல்லாம் கொஞ்சிவிட்டு, பேட்டரி சாகப் போகிற நேரத்தில் என் பக்கம் திருப்புவாள். நான் சாப்டியாம்மா என்பேன், நீ சாப்டேன்ப்பா என்பாய், அதோடு நம் பேச்சு தீர்ந்தது. அவளைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. அதனால் வாக்கிங் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்து, கிளை நூலகத்தில் பேப்பர் படிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் தினத்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். அவரால் தொந்தரவு இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. கரும்பு வேண்டாம், கடிக்கறதுக்கு இங்க யாருக்குப் பல்லு இருக்கு என்று அம்மா சொன்னாள், கேட்காமல் ஒரு கட்டு வாங்கி வந்தேன், இன்னும் சமையலறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. ஹாலில் உங்கள் ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன் அல்லவா, அதற்குப் போன வாரம் பேட்டரி மாற்றினேன். இந்தக் குளிர்காலத்தில் நம் கடிகாரத்தைவிட அரை மணி முன்னால் தள்ளி வைத்தால் போதும், நமக்குப் பகல் என்றால் உங்களுக்கு ராத்திரி, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா அதைப் பார்த்துத்தான் நாளை ஓட்டுகிறாள். இப்ப குழந்தைக்குப் பால் குடுத்திருப்பா, இப்ப கதை சொல்லித் தூங்க வெச்சிருப்பா என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உங்கள் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அங்க எல்லாரும் தூங்கறாங்க, நாமளும் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று பாயை விரிப்பாள். எனக்கு மட்டும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் கோபமாக வருகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, துறையூர் வண்டி எப்போது, முசிறி வண்டி எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னவன் நான். பெற்ற பெண் எப்போது வருவாள் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பொழுது சாய்ந்து துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனால் தெற்கே விமானம் இறங்குகிற விளக்கு தெரியும். அது சிங்கப்பூர் வண்டி, அதில் நீ இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த விளக்கு கீழே போய் மறைகிறவரை நின்றுவிட்டுத்தான் வருகிறேன். அம்மா கீழே இருந்து, துணிய எடுக்கப் போனீங்களா நெய்யப் போனீங்களா என்று குரல் கொடுப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. அம்மாவுக்குக் குடலில் இருந்த கட்டியை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ அப்போது வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு நடந்த சிலதை உனக்குச் சொன்னோம், சிலதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து சி.இ.ஏ. என்று ஒரு நம்பர் பார்க்கிறார்கள், அது உனக்குத் தெரியும். கட்டி இருந்தால் அது ரத்தத்தில் கசியவிடுகிற ஒரு சரக்கு அது என்று டாக்டரம்மா எனக்குப் புரிகிறமாதிரி சொன்னார். ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆபரேஷனுக்கு முன்னால் முப்பத்தெட்டு இருந்தது, ஆபரேஷன் முடிந்து பார்த்தால் இரண்டரை. அதற்குப் பிறகு கீமோ முடிந்து, கால் மரத்துப்போய், தலைமுடி உதிர்ந்து திரும்ப முளைத்து, எத்தனை நடந்தாலும் அந்த நம்பர் மட்டும் இரண்டு, இரண்டே கால் என்று அடக்கமாக உட்கார்ந்திருந்தது. உனக்குச் சொல்லாதது என்னவென்றால், கீமோ முடிந்த அன்று அம்மாவே டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டாள், எனக்கு இன்னும் எவ்வளவு நாளுங்க என்று. அவர் சிரிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. நாளெல்லாம் யாராலயும் சொல்ல முடியாதும்மா, உங்களமாதிரி மூணாவது ஸ்டேஜ்ல பாத்து வைத்தியம் முடிச்சவங்கள்ல பத்துல ஏழு பேர் அஞ்சு வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க என்றார். நான் ஏழு என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினதும் அம்மா என்ன கேட்டாள் தெரியுமா, ஏங்க, அந்த மத்த மூணு பேர் யாரா இருக்கும் என்றாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் எதிரே இருக்கிற முகங்களை எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இதில் உன் அம்மா செய்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை ரத்தம் கொடுத்த நாள் ஏகாதசியாக அமைந்துவிட்டது. அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போய்க் கொடுத்தாள், நம்பர் இரண்டரை வந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். சாப்டுட்டுக் குடுத்தப்ப முப்பத்தெட்டு, பட்டினியோட குடுத்தப்ப ரெண்டரை, இதுக்கு மேல என்ன வேணும் என்றாள். நடுவில் ஒரு ஆபரேஷன் நடந்ததே, வயிற்றைக் கிழித்து ஒரு முழம் குடலை எடுத்தார்களே, அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். தில்லை நகர் லேபில் ரத்தம் எடுக்கிற செல்லக்கிளி என்ற பெண், அம்மா நீங்க டிபன் சாப்டுட்டே வரலாம், நரம்பும் நல்லாக் கிடைக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இவள் தலையாட்டிவிட்டு அடுத்த ஏகாதசி எப்போது என்று காலண்டரைப் பார்ப்பாள். ரத்தத்துக்கும் வெறும் வயிறு, ரங்கநாதருக்கும் வெறும் வயிறு, ஒரே பட்டினியில் இரண்டு வேலை என்று அவளுக்குத் திருப்தி. நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பட்டினி அவளுக்குத் தைரியம் கொடுத்தது, தைரியம் எந்தக் கடையில் கிடைக்கிறது சொல்.

இந்தத் தடவை டெஸ்ட் மார்கழியில் வந்தது. மார்கழி என்றால் இவள் வைகுண்ட ஏகாதசியைத் தவிர வேறு நாளைப் பார்ப்பாளா. அன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியிலிருந்தே தெருவில் தலை தலையாக ஜனம், வண்டியெல்லாம் நிறுத்திவிட்டார்கள், காவிரிப் பாலம் தாண்டி தில்லை நகர் போக ஒரு ஆட்டோ வரவில்லை. மரத்துப்போன காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அவளால் நடக்க முடியாது. நாளைக்குப் போகலாம் என்றேன், நாளைக்கு துவாதசி என்றாள். கோபத்தில் நானும் சத்தம் போட்டேன், அவளும் போட்டாள், பரமபத வாசலுக்குப் போகிற ஜனம் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிற்று. கடைசியில் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு லேபில் போய்க் கொடுத்தோம். ரத்தம் ரத்தம்தானே, எங்கே கொடுத்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். பட்டினியில் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்தார்கள், கை வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது. அன்று நீ போனில் பேசும்போது முழங்கைவரை புடவையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாளே, குளிர் என்று சொன்னாளே, அது இதற்காகத்தான்.

ரிசல்ட் இரண்டு நாள் கழித்து போனில் வந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இங்க வந்து நில்லுங்க, ரசம் வைக்கக் கத்துக்கங்க என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்புப் பக்கம் வந்தால் கரண்டியைக் காட்டி விரட்டுகிறவள். புளியை இவ்வளவு ஊற வைக்கணும், நுரை கட்டினதும் இறக்கிறணும், கொதிக்க விடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். பெருங்காயம் எந்த டப்பா, கேஸ் தீர்ந்தால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது, பால்காரரிடம் எந்தக் கிழமை கணக்கு முடிப்பது, எல்லாம் சொன்னாள். நான் பாட்டுக்கு, இப்ப எதுக்கு இதெல்லாம், மார்கழி முடியட்டும் என்று கிண்டல் பண்ணிக்கொண்டு நின்றேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழக்கமாக அதற்கு ஒரு ஊரே கூடும்படி கத்துவாள். அன்று ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தாள். அப்போதுதான் எனக்கு ரிசல்ட் ஞாபகம் வந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு புள்ளி எட்டு என்று இருந்தது. தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. வேனில், நான் அந்தச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி எழுந்திரிங்க, தரை ஈரமா இருக்கு என்றாள்.

டாக்டரம்மா நாங்கள் நீட்டின ரிப்போர்ட்டில் நம்பரைப் பார்க்கவே இல்லை, மேலே தலைப்பைத்தான் பார்த்தார். இது நம்ம லேப் இல்லையே என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், ஏகாதசியையும் சேர்த்து. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, முதல் நாளே சொன்னேனேங்க, எப்பவும் ஒரே லேப்லதான் குடுக்கணும்னு, லேபுக்கு லேப் மெஷினும் முறையும் வேற, அந்த நம்பரையும் இந்த நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாது என்றார். திட்டு வாங்கிக்கொண்டே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இன்னும் நாலு திட்டு திட்டினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பொங்கல் முடிந்ததும் பழைய லேபில் செல்லக்கிளியிடமே போய்க் கொடுத்தோம். ஏகாதசி இல்லாத நாள், இருந்தாலும் இவள் பட்டினிதான். மூன்று புள்ளி நாலு வந்தது. ஐந்துக்குள்தான். ஆனால் இதுவரை இரண்டு, இரண்டே கால் என்றே இருந்ததல்லவா, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இது சும்மா ஏற்ற இறக்கமாவும் இருக்கலாம், வேற எதுனாலயாவும் இருக்கலாம், ஒரு நம்பர வெச்சு நான் நல்லதும் சொல்ல மாட்டேன் கெட்டதும் சொல்ல மாட்டேன், மாசியில திரும்ப எடுத்துப் பாப்போம், கூடவே ஒரு ஸ்கேனும் எடுத்துருவோம் என்றார் டாக்டரம்மா. நம்பரை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பது உண்மைதான். கீமோ எடுக்கும்போது அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாளே, பாலக்கரை சகாயம்மாள், அவளுக்கு இந்த நம்பர் ஒரு நாளும் ஏறினதே இல்லையாம், ஈரலில் திரும்ப வந்தது ஸ்கேனில்தான் தெரிந்திருக்கிறது. அதையும் ஆபரேஷன் பண்ணி எடுத்து, இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் கேக் பண்ணி நமக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, இனிப்பு தூக்கல் என்று குறை சொல்லி, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

ஆக விஷயம் இதுதான். மாசியில் ரத்தம், ஸ்கேன். அதுவரை ஒன்றும் தெரியாது. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் கையை நீட்டாமல் சமாளித்துவிட்டேன். அவள் பயம் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். எதிர் வீட்டுப் பிச்சைமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் மகன் மெல்போர்னிலிருந்து வந்து இறங்கினான். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது தோளில் ஒரு பை மட்டும்தான். அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பெட்டி இல்லாம வந்திருக்கான், அண்ணன் இருக்க மாட்டாரு என்றாள். அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. அதிலிருந்து இந்தத் தெருவில் வெளிநாட்டுப் பிள்ளைகள் யார் வந்தாலும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் லீவுக்கு வந்திருக்காங்க, தோள் பையோட வந்தா சேதி கேட்டு வந்திருக்காங்க என்று அவளுக்கு ஒரு கணக்கு. இந்த நம்பர் வந்த அன்று என்னிடம் சொன்னாள், வேனில் கிட்ட மூச்சு விடாதீங்க, அவ பாட்டுக்குப் பதறிப்போய் ஒரு பையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான்னா, அன்னிக்கே நான் படுத்துருவேன் என்றாள். அதனால்தான் தினமும் போனில் அத்தனை சிரிப்பு. நீ ஆனியில் வருவதாகச் சொன்னபோது, அவசரமில்ல, குழந்தைக்கு ஸ்கூல் கெடாம வா என்று சொன்னாளே, சொல்லிவிட்டு போனை வைத்ததும் உங்கள் ஊர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அம்மாவுக்கு அதைவிட அதிகம் இருக்கிறது, ஆனால் அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். ஆனி வரைக்கும் என்னவாகும் என்று எந்த ரத்தத்திலும் எழுதியிருக்கவில்லை, நல்லதாகவே ஆகலாம், ஏழு பேரில் ஒருத்தியாக அவள் எண்பது வயதுவரை இருந்து என்னை விரட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் இந்த மாசியில் அவளுக்கு நீ வேண்டும். ஸ்கேன் எடுக்கிற அறைக்குள் அவள் போகும்போது வெளியே உட்கார்ந்திருக்க என் ஒருவனால் முடியவில்லை, இதையும் சொல்லிவிட்டேன். ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு வா. ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் வந்தேன், அப்படியே ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொல். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்லு, அவர் நல்ல பிள்ளை, தடுக்க மாட்டார். நெட்டில் எதையாவது தேடிப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, அங்கே எழுதியிருக்கிறவர்கள் யாரும் உன் அம்மாவைப் பார்த்ததில்லை. போனில் இதைப் பற்றிக் கேட்டுவிடாதே. கனிஷ்காவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் உடனே துவட்டிவிடு, நீயும் வேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை.

மேலே எழுதினது நேற்று. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் மாட்டிக்கொண்டேன். எப்படி என்று கேள். வாக்கிங் போகிற மனுஷனுக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் யோசித்துச் செய்த ஒரே தப்பு, அதிலும் கண்ணாடியைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன். பேசாமல் காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதே கண்ணாடியை என் பையிலிருந்து உருவி மாட்டிக்கொண்டு, சமையலறை வாசலில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். நான் அந்தக் கரும்புக் கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரசம் பொங்கின இடத்தில் ஒரு தடவை சிரித்தாள், புளி அதிகம் போட்டது நீங்கதான், அதையும் எழுதுங்க என்றாள். மெல்போர்ன் பையன் கதை வந்த இடத்தில் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அரிந்துகொண்டிருந்த அவரைக்காயை அரியப் போய்விட்டாள்.

சாப்பாடு பரிமாறும்போது சொன்னாள். வரச் சொல்லுங்க என்றாள். ஆனா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி வரட்டும், அப்புறம் வந்தா அவ நம்பருக்காக வந்தமாதிரி ஆயிரும், எனக்காக வந்தமாதிரி இருக்காது என்றாள். பெங்களூர் பொய்யெல்லாம் வேணாம், அவளுக்குப் பொய் சொன்னா மூக்கு செவந்துரும், அம்மாவப் பாக்க வந்தேன்னே சொல்லிட்டு வரட்டும் என்றாள். டெஸ்ட் எந்த ஏகாதசியில் என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். ஏகாதசியெல்லாம் இல்ல, அவ வந்த மறுநாள் போறோம் என்றாள். காலையில் குளித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பி, தில்லை நகரில் நல்ல ஓட்டலாகப் பார்த்து, நெய் ரோஸ்ட்டும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் போய் செல்லக்கிளியிடம் கையை நீட்டுவார்களாம். என்ன நம்பர் வருதோ வரட்டும், எம் பொண்ணோட சாப்டுட்டுக் குடுத்த ரத்தம் அது என்றாள். நான் வர வேண்டியதில்லையாம், வீட்டில் இருந்து ரசம் வைக்கலாமாம். அத்தனை பேர் சொல்லியும் ஒன்றரை வருஷமாக விடாத பட்டினியை, நீ வருகிறாய் என்றதும் விட்டுவிட்டாள், பார்த்துக்கொள்.

தபாலில் போட்டால் உனக்குக் கிடைக்கிறதுக்குள் மாசியே வந்துவிடும் என்பதால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அவளே போனைக் கொடுத்தாள். அசலும் பின்னால் வரும், பத்திரமாக வைத்துக்கொள். நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல், மனம்போல் வாழ்ந்திருக்க அரங்கன் துணை இருக்கட்டும். அம்மா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுத மாட்டாளாம், நேரில் தலையில் கை வைத்துத்தான் சொல்வாளாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இது அம்மா இரண்டு தடவை சொல்லி எழுதச் சொன்னது. வரும்போது பெரிய பெட்டியோடு வா. கிளம்புகிற அவசரத்தில் அதில் வைக்க ஒன்றும் இல்லையென்றால் காலியாகவே கொண்டு வா. தெருமுனையிலேயே டாக்ஸியை விட்டு இறங்கி, வாசல்வரை உருட்டிக்கொண்டு வா, அந்தச் சக்கரச் சத்தம் அவள் காதில் விழ வேண்டும். அவள் ஜன்னலில் நிற்பாள்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ரத்தினவேல்.